ரெண்டேமுக்கால் காக்காவும் கூடைக்காரியும்

ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வெண்கலச் சிற்பத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், பாம்பன் கடற்கரையில் மீன் ஏலம் விடும் ரெண்டேமுக்கால் காக்கா என்றுதான் சொல்வேன். போட்டிக்கு வேறு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். ஒரு சிலையை அவர் கையில் கொடுத்தால் முதலில் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். அடுத்து கண்ணைப் பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். மீனுக்கு என்ன பரீட்சையோ அதுவேதான் சிலைக்கும். பல சிலைகள் இதில் தேறவில்லை.

அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா, அம்மாவுக்கு உம்மா என்று பெயர். ரெண்டேமுக்கால் என்பது அவர் தொழிலில் சம்பாதித்த பட்டம். மற்றவர்கள் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ஏலத்தை முடித்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போவார்கள். இவர் ரெண்டுக்கு அப்புறம் ரெண்டேகால் என்பார். வியாபாரிகள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ரெண்டரை என்பார். பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்றதைக் கேள்விப்பட்ட தகப்பன் போல் ஒரு பார்வை பார்ப்பார். ரெண்டேமுக்கால் என்று சொல்வதற்குள் எவனாவது ஒருவன் மனம் பொறுக்காமல் விலையை ஏற்றிவிடுவான். ஒரு தடவை ஒரு குவியல் நகரை மீனை ரெண்டேமுக்காலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது விலை இன்னும் ஏறியிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். மகள் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். காக்கா யோசிக்க ஆரம்பித்தார். அவர் ரெண்டரைக்கு வருவதற்குள் அவர்களே மோட்டார் சைக்கிளை வாபஸ் வாங்கிக்கொண்டு, பிரியாணிக்கு எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

நான் அப்போது பாம்பன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். வாடகை வீட்டில் தனிக்கட்டை. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் காக்கா கையில் போனோடு வாசலில் நின்றார். துபாயில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தானாம். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உயரமான மேசைக்குப் பின்னால் நின்று வெண்கலக் குதிரை ஒன்றை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இது நம்ம தொழிலு."

"ஆமா காக்கா."

"கையில சுத்தியலு எதுக்கு? ஆணியா அடிக்கப் போறான்?"

"விலை முடிஞ்சதும் அதால தட்டுவாங்க."

"ரெண்டு சொன்ன கையோட தட்டிட்டான் பாத்தீங்களா? இடையில ஒரு ரெண்டேகால் போட்டிருந்தா அந்தத் தாடிக்காரன் ஏறியிருப்பான். அவன் தொண்டையைப் பாருங்க. எச்சி முழுங்குறான்."

மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். தாடிக்காரர் எச்சில் விழுங்கத்தான் செய்தார்.

"நாப்பது வருசமா ஏலம் விடுறேன் சார்" என்றார் காக்கா. "நான் வித்தது ஒண்ணாச்சும் மறுநா வரைக்கும் தாங்கினதில்ல. இது நாறாது பாத்துக்கிருங்க."

அன்றிலிருந்து அவர் கலை ரசிகரானார். இணையத்தில் நடக்கும் சின்னச் சின்ன ஏலங்களில் பெயரைப் பதிந்துகொண்டார். முதலில் வந்து சேர்ந்தது உள்ளங்கை அளவு வெண்கல நண்டு. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் பத்து நிமிடத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி ஆமினா லாத்தா வாசலிலேயே நிறுத்திவிட்டாராம்.

"உருவம் இருக்க வீட்டுக்கு மலக்குமார், அதான் வானவருக, வர மாட்டாங்கன்னு சொல்லிட்டா சார்."

"நண்டு கூடவா காக்கா?"

"அதையும் கேட்டுப் பாத்தேன். நண்டுக்கு உசுரு இல்லையான்னு திருப்பிக் கேக்குறா. அவ சொல்றது சரிதான். இங்கன வச்சுக்கிருங்க."

இப்படித்தான் என் வீடு மியூசியம் ஆனது. நண்டுக்குப் பின்னால் மூன்று கால் குதிரை வந்தது. புயல் கடலை வரைந்த பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தேன். காக்காவும் பார்த்தார். "கச்சான் காத்துல அலை இப்படி மடங்காது சார். வரஞ்ச ஆளு கரையில நின்னுக்கிட்டுப் பாத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். பழைய சிலை என்று சொல்லி ஒருத்தர் அனுப்பிய பச்சை பூத்த விளக்குப் பாவையை மோந்து பார்த்து, "புளியும் உப்பும் போட்டு ஊற வச்சிருக்கான், மீனுக்குப் பண்ணுற வேலைதான்" என்று திருப்பி அனுப்பினார். விற்றவர் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் அவர் மூக்கின் மேல் மரியாதை வந்தது.

தலையில்லாத ஆண் சிலை ஒன்று வந்தபோது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. சிற்பி அப்படித்தான் செய்திருந்தார். தலை அடுத்த பார்சலில் வரும் என்று காக்கா மூன்று வாரம் காத்திருந்தார். கடைசியில் விற்றவருக்கு அவரே போன் செய்து, "கருவாட்டுக்குத்தானே தலையை எடுப்பீங்க" என்று கேட்டார். இதற்கிடையில், வாத்தியார் வீட்டில் சிலைகள் வந்து இறங்குகின்றன என்று யாரோ தகவல் சொல்லி ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, முண்டத்தின் முன்னால் நின்றார்.

"தலை எங்க சார்?"

"அதைத்தாங்க நாங்களும் மூணு வாரமா கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் காக்கா.

ரசீதுகளைப் பார்த்த போலீஸ்காரர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் சென்னையில் நேரடியாக நடக்கப்போகும் ஓர் ஏலத்தின் புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிலை அல்லது படம். காக்கா எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு முழ உயர வெண்கலச் சிலை. முக்காடு போட்ட பெண்ணொருத்தி இடுப்பில் மீன் கூடையோடு நிற்கிறாள். செய்தவர் பெயர் தெரியவில்லை என்று கீழே போட்டிருந்தது. காக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சார், இது எங்க உம்மா."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் சின்னப் பயலா இருக்கையில மெட்ராஸ்ல இருந்து படம் வரையிற புள்ளைக வந்து கரையில தங்குனாங்க. ஒருத்தன் உம்மாவை ரெண்டு நாளு நிக்க வச்சு மண்ணுல பிசைஞ்சான். உம்மா போட்டோவுக்கு நிக்க மாட்டா. மண்ணுதானே, பிசைஞ்சிட்டுப் போறான்னு நின்னா. இந்தா, சோத்தாங்கைப் பக்கம் காதுல கடைசி ஓட்டை அறுந்திருக்கா? வலைக் கயிறு மாட்டி அறுந்தது. கூடையைப் பாருங்க."

பார்த்தேன். கூடை நிறைய மீன். எல்லா மீனும் வாலை வெளியே காட்டிக்கொண்டு, தலையை உள்ளே வைத்திருந்தன.

"உம்மா பழைய மீனை இப்படித்தான் அடுக்குவா. வாங்க வாரவுகளுக்குக் கண்ணைக் காட்ட மாட்டா" என்றார் காக்கா. "நேத்து மீனைத் தூக்கிக்கிட்டுப் போயி சிலைக்கு நின்னுருக்கா சார்."

அந்த அம்மாளின் போட்டோ என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. முகம் எப்படி இருந்தது என்று கொஞ்ச நாளாகவே சரியாக நினைவுக்கு வரவில்லை என்று காக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். எதையும் நான்கு தவணையில் சொல்கிற மனிதர் இதை ஒரே தடவையில் சொன்னார். கையில் இருந்த பணத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார்.

இங்கே கரை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாம்பனில் மீன் ஏலத்தில் யாரும் கையைத் தூக்குவதில்லை. மீன் குவியலைச் சுற்றிக் கைகட்டி நிற்கிறவர் எல்லாரும் ஏலத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையை ஏற்ற மோவாயை லேசாகத் தூக்கினால் போதும். வேண்டாம் என்றால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். திரும்பாதவன் விலகவில்லை. காக்காவுக்கு உலகத்தில் எங்கே ஏலம் நடந்தாலும் இதுதான் சட்டம். வீடியோவில் தாடிக்காரர் அட்டையைத் தூக்கியதை அவர் கவனிக்கவே இல்லை, தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் ஏசி போட்ட ஹால். உள்ளே போகும்போதே இருபத்தொன்பது என்று எழுதிய ஓர் அட்டையைக் காக்கா கையில் கொடுத்தார்கள். "விசிறிக்கு ஆகும், வச்சுக்கிருங்க" என்று அதை என்னிடம் தந்துவிட்டார். குளிரில் விசிறி எதற்கு என்று நான் அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வேண்டும்போது கேட்பார் என்று நினைத்தேன். நாற்பது வருட அனுபவஸ்தருக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்.

காக்கா உட்கார மறுத்துவிட்டார். உட்கார்ந்துகொண்டு ஏலம் கேட்பது மரியாதை இல்லையாம். ஓரமாக நின்றார். முதல் பொருள் மேடைக்கு வந்ததும், தன் தலையில் கட்டிவிடக்கூடாதே என்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முடிந்ததும் இந்தப் பக்கம் திரும்பினார். அடுத்த பொருள் வந்ததும் மறுபடி அந்தப் பக்கம். இப்படியே முப்பது, நாற்பது பொருளுக்குத் திரும்பித் திரும்பி நின்றார். காவலாளி வந்து காதோடு, "ஐயா, மேடை அந்தப் பக்கம்" என்றார்.

"தெரியும் தம்பி. அதனாலதான் இந்தப் பக்கம் நிக்கிறேன்."

கூடைக்காரி வந்தாள். காக்கா மேடையைப் பார்த்துக் கைகட்டி நின்றார். முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாள் பதினேழாம் நம்பர் அட்டையைத் தூக்கினார். காக்கா மோவாயைத் தூக்கினார். வேறொருவர் அட்டையைத் தூக்கினார். காக்கா மோவாயைத் தூக்கினார். வெள்ளைச் சேலை மறுபடி தூக்கினார். காக்காவும் விடவில்லை. சுத்தியல் தட்டப்பட்டது.

"முடிஞ்சிருச்சு சார். நமக்குத்தான்" என்றார். "ஒரு ரெண்டரைகூடச் சொல்லல. தொழிலு தெரியாத பய." கையோடு வீட்டுக்குப் போன் போட்டு, "ஆமினா, கெடைச்சிருச்சு" என்றார்.

கரையில் ஏலம் எடுத்தவருக்கு, வீட்டுக் குழம்புக்கென்று இரண்டு மீன் கூடுதலாக வைப்பார்கள். கறிமீன் என்று பெயர். காக்கா நேராகப் பொருள் வாங்கும் மேசைக்குப் போய், சிலைக்கு மேல் கறிமீனாக என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். அங்கிருந்த பெண் குழம்பிப்போய் ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பிறகு நம்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சார், இது பதினேழுக்குப் போயிருக்கு. இருபத்தொன்பது கேக்கவே இல்லையே."

"நான் திரும்பலையேம்மா" என்றார் காக்கா.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தொடைக்கு அடியிலிருந்து எடுத்த அட்டை என் கையில்தான் இருந்தது. நன்றாக வளைந்திருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருடத்தில் அன்றைக்குப் போல் நான் வெட்கப்பட்டதில்லை.

காக்கா சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஏலம் நடக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். "அடுத்தவன் எடுத்த மீனை என் மீனுன்னு கேட்டுட்டேன் சார்" என்றார். கரையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது வெள்ளைச் சேலை அம்மாள் சிலையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். காக்காவைப் பார்த்து நின்றார்.

"நீங்கதானே எல்லாத்துக்கும் முதுகைக் காட்டிட்டு நின்னது? அவ்வளவு மோசமாவா இருந்தது?"

காக்கா எழுந்து, கரை வழக்கத்தைச் சொன்னார். மோவாய், முதுகு, கறிமீன் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் சிரிக்காமல் கேட்டார். கடைசியில் காக்கா, "அதை ஒருதரம் கையில வாங்கிப் பாத்துக்கிறட்டுமா?" என்றார்.

வாங்கினார். வயிற்றை அமுக்கவில்லை. மோந்தும் பார்க்கவில்லை. அறுந்த காதை மட்டும் கட்டைவிரலால் தடவினார்.

"இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அம்மாள்.

"எங்க உம்மா. நேத்து மீனு வச்சிருக்கா."

அந்த அம்மாள் குனிந்து கூடையைப் பார்த்தார். பிறகு, தான் எடுத்த விலைக்கே தந்துவிடுவதாகச் சொன்னார். காக்கா சிலையைத் திருப்பி நீட்டினார். "ஏலத்துல போனதைக் கெஞ்சி வாங்குறது வழக்கமில்லம்மா."

"அப்ப நீங்களே ஏலம் விடுங்க. நான் கேக்குறேன்."

"ஏலம் விடுறவன் கேக்கக்கூடாது" என்றார் காக்கா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்படியாக, அந்த ஹாலுக்கு வெளியே, தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஏலம் தொடங்கியது. காக்கா சிலையை ஸ்டூலில் வைத்தார். தொண்டையைச் செருமினார். பாம்பன் கரையில் மூன்று படகுக்குக் கேட்கும் குரல் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில் கிளம்பியது. "பாம்பன் சரக்கு. ஐஸு படாதது. எத்தனை வருசமானாலும் நாறாது." ஹாலில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சுத்தியல்காரரும் வந்து கைகட்டி நின்றார். அவரும் ஏலத்தில் இருப்பதாகக் காக்கா எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

நான் மோவாயைத் தூக்கினேன். அம்மாளும் தூக்கினார். காக்கா கொண்டுவந்த பணத்தின் எல்லையைத் தொட்டுவிட்டேன். ஒருதரம் என்றார். ரெண்டுதரம் என்றார். அந்த இடத்தில் மூணு சொல்லியிருந்தால் அவர் உம்மா அவருக்குக் கிடைத்திருப்பார். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் விடுமா? "ரெண்டேகால்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளை அந்தப் பார்வை பார்த்தார். அம்மாள் மனம் பொறுக்காமல் மோவாயைத் தூக்கிவிட்டார்.

காக்காவின் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனாலும் தொழில் தொழில்தான். என் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் இவ்வளவுதானா? நாலு புள்ளையை வளத்தவ சார். புயலுக்கு மறுநாளும் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனவ."

இருசக்கர வண்டி வாங்க நான் சேர்த்துவைத்திருந்த பணத்தையும் சேர்த்து மோவாயைத் தூக்கினேன். அது என்னையே வெட்கத்திலிருந்து கொஞ்சம் மேலே தூக்கியது போலவும் இருந்தது.

"ஒருதரம். ரெண்டுதரம். ரெண்டேகால். ரெண்டரை."

வெள்ளைச் சேலை அம்மாள் சிலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"ரெண்டேமுக்கால்" என்றார் காக்கா. வாயைத் திறந்தார். மூணு வரவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சிலையை எடுத்து என் கையில் வைத்தார்.

"முடிஞ்சுதா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் அம்மாள்.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

அம்மாள் திரும்பி வந்து, கறிமீனாகத் தன் பதினேழாம் நம்பர் அட்டையைச் சிலை மேல் வைத்தார். இன்றைக்கும் மாதம் ஒரு தெர்மகோல் பெட்டியில் அந்த அம்மாளுக்குப் பாம்பனிலிருந்து மீன் போகிறது. மீனின் கண் தெரியும்படி அடுக்கித்தான் காக்கா அனுப்புகிறார்.

கூடைக்காரி என் வீட்டுக்கு வந்தாள். ஆமினா லாத்தா ஒரு நாள் பார்க்க வந்தார். உள்ளே வராமல் வாசல்படியில் நின்று, மாமியாரை மேலும் கீழும் பார்த்தார். "இதே மாதிரி அடுக்குன மீனைத்தான் நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு எனக்கும் ஆக்கிப் போட்டாக" என்றார். போகும்போது, தூசி படியாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்.

வண்டிப் பணத்தைக் காக்கா எனக்குத் திருப்பித் தந்துவிட்டார். பிறகு எனக்குக் கமுதிக்கு மாற்றல் வந்தது. சிலையை என்ன செய்வது என்று கேட்டேன். "ஏலத்துல கேட்டது நீங்க. ஆனா நான் மூணு சொல்லல. அதனால உங்களுக்கும் ஆகல, எனக்கும் ஆகல. உங்க கூடவே இருக்கட்டும்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை வந்து, சிலையிருந்த பையை என் மடியில் வைத்துவிட்டு, "நெளிஞ்சிராம கொண்டு போங்க" என்றார். வெண்கலம் நெளியாது என்று நான் சொல்லவில்லை.

கமுதியில் என் மேசைமேல், மிளகாய் மூட்டை ஏற்றும் லாரிகளைப் பார்த்தபடி அவர் உம்மா கூடையோடு நிற்கிறார். நண்டும் குதிரையும் தலையில்லாதவனும் பக்கத்தில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காக்கா வீடியோவில் வருவார். "உம்மா சுகமா?" என்பார். நான் போனைச் சிலைக்கு நேராகப் பிடிப்பேன். காது தெரியும்படி கொஞ்சம் திருப்பச் சொல்வார். பிறகு இரண்டு பேரும் கச்சான் காற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவோம்.

மூணு எப்போது சொல்வீர்கள் என்று நான் அவரைக் கேட்டதில்லை. சொல்லிவிட்டால் சிலை எனக்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் வெள்ளிக்கிழமை என்னை யார் கூப்பிடுவார்?